சட்டென்று பிடிக்கும் மருந்து

எங்கள் அண்ணி பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அதே பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது நான். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவருடைய பிறந்த வீட்டுப் பெருமையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அதிலும் மருந்துப் பெருமை இருக்கிறதே, அப்பப்பா! அவர்கள் வீட்டு ஆட்களுக்கு எந்த மருந்தும் சட்டென்று பிடித்துக்கொள்ளுமாம். அவருடைய தம்பி இருமல் மருந்து குடித்துவிட்டு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தவர், கடை பூட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். அதைச் சொல்லிச் சொல்லிக் குடும்பமே விழுந்து விழுந்து சிரிக்கும். நாத்தனார் நான் சும்மா இருப்பேனா? தூங்குமூஞ்சிக் குடும்பம் என்று பட்டமே கொடுத்துவிட்டேன்.

போன மாதம் அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கோடீன் கலந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். அதற்குள் வலி போய்விட்டது என்று ஜம்பம் வேறு. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்க்கிறேன், உதடு வெளுத்துக் கிடக்கிறது. மார்பு ஏறி இறங்குவதே தெரியவில்லை. அசந்து தூங்குகிறாள், எழுப்பாதே என்றார் அண்ணன். எனக்கு வந்ததே கோபம்! அவரையும் சேர்த்துத் திட்டி, அண்ணியைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மருந்தை முறிக்கும் ஊசி போட்டு மூச்சை மீட்ட டாக்டரம்மா, மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபோது நாங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்துகள் நிற்கும் இடத்தில் எங்கள் பேருந்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா போனில் நிதானமாக விளக்கினார். கோடீனை ஈரல் மார்ஃபினாக மாற்றினால்தான் வலி குறையும். அந்த வேலையைக் கவனிக்கும் மரபணு சிலருக்கு மந்தம். மாத்திரை விழுங்கியும் வலி அப்படியே இருக்கும். சிலருக்கு அதே மரபணு கூடுதலாக இருக்கும். மார்ஃபின் மளமளவென்று சேர்ந்து, மூச்சு விடச் சொல்லும் மூளையையே மயக்கிவிடும். அண்ணி இரண்டாவது ரகம். ரத்த சொந்தங்களுக்கும் இருக்கலாம், எல்லோருக்கும் சொல்லிவையுங்கள் என்றார்.

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத் தூக்கத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டதே! முதல் போன் மகளுக்கு, ஸ்பீக்கரில் போட்டார். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்று, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவாள் என்று, அண்ணிக்கு மூச்சு நின்ற கதையை அவளிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அண்ணி விஷயத்துக்கு வரும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"பாப்பா அழவே மாட்டேங்குதும்மா. பால் குடிக்கக்கூட எழுந்திருக்கல. அவ்வளவு சமத்து."

என்ன வலி மாத்திரை தருகிறார்கள் என்று கேட்டோம். அதே கோடீன். மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று முதலிலேயே கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கெல்லாம் சட்டென்று பிடிக்கும் என்று பீற்றிக்கொண்டிருக்கிறாள், பாவி மகள். இவள் உடம்பில் பெருகிய மார்ஃபின் பாலோடு குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி பேருந்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். குரல் மட்டும் ஆடவில்லை.

"பால் குடுக்காத. பெல்ல அடிச்சு நர்ஸைக் கூப்பிடு, பாப்பா மூச்சப் பாக்கச் சொல்லு. போனை வைக்காத."

யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் விழிக்கவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்று ஒரு குரல். அண்ணி போனிலேயே கத்தி, தன் சோதனை முடிவையும் மாத்திரை பேரையும் சொன்னார். அங்கே அதே முறிவு ஊசியை எடுத்துவரச் சொன்னார்கள். அப்புறம் போனில் செருப்புச் சத்தமும் தட்டு உருளும் சத்தமும்தான். விஷயம் தெரிந்து மற்ற டிரைவர்களும் எங்களைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள்.

திடீரென்று ஒரு வீறல். ஐயோ, என்ன வீறல் அது! போனே அதிர்ந்தது. நான் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன். பக்கத்திலிருந்த டிரைவர் கை தட்டினார். ஊசியின் வேகம் குறைந்தால் மறுபடி மயங்கலாம், அதனால் குழந்தையைக் கண்காணிப்பிலேயே வைத்திருப்போம், ஆனால் இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். வீறல் நின்றபாடில்லை. மகளுக்கே பொறுக்கவில்லை.

"தூக்கி சமாதானப்படுத்தட்டுமாம்மா?"

"கொஞ்சம் இருடி" என்றார் அண்ணி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் அழட்டும். நான் கேட்டுக்கறேன்."