ஆமென் சொல்லாத சனிக்கிழமை

தொண்ணூறுகளில் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் யாருக்காவது புத்தி சொல்ல வேண்டுமென்றால் நேரே சொல்லமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வார்கள். பக்கத்தில் முழங்காலில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதில் பெரியப்பா கெட்டிக்காரர். "இந்தப் பிள்ளை கணக்குல கவனமா இருக்க உதவி செய்யும் ஐயா" என்று அவர் ஜெபித்தால், என் பரீட்சைத் தாள் அவர் கண்ணில் பட்டுவிட்டது என்று அர்த்தம். பதில் பேசவும் முடியாது. ஜெபத்துக்கு நடுவில் யார் வாய் திறப்பது?

ஆமென் என்றால் 'முடிந்தது, சாப்பிடப் போகலாம்' என்றுதான் ஒன்பது வயதுவரை நினைத்திருந்தேன். அதனால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வேன். ஞாயிறு பள்ளி டீச்சர் அந்த நினைப்பைக் கெடுத்தார். 'அப்படியே ஆகட்டும்' என்று அர்த்தமாம். வேதத்தில் இயேசு "மெய்யாகவே மெய்யாகவே" என்று சொல்லும் இடங்களிலும் மூலத்தில் இதே வார்த்தைதானாம். "மனசார வேணும்னா மட்டும்தான் சொல்லணும்" என்றார். இத்தனை நாள் எதற்கெல்லாம் சம்மதம் சொல்லித் தொலைத்தேனோ என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அடுத்த சனிக்கிழமை மாலை வீட்டு ஜெபம். அக்கா அப்போதுதான் பி.யூ.சி., அதாவது எங்கள் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்பு, பாஸ் செய்து, டிகிரிக்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தாள். பெரியப்பா கே.ஜி.எஃப்.பில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். "ஆண்டவரே, இந்த மகளோட இருதயத்தைத் திருப்பும். படிப்பு படிப்புன்னு அலையுற ஆசையை எடுத்துப் போடும். வர்ற மாசமே நிச்சயம் நடக்க கிருபை செய்யும்" என்று உருகினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அப்பா சொன்னார். அழுதுகொண்டே அக்காவும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

வழக்கமான கூச்சல் வராததால் பெரியப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா, வாய்ல என்ன கொழுக்கட்டையா? ஆமென் சொல்லு."

"மாட்டேன் பெரியப்பா. எனக்கு அப்படி ஆக வேணாம்."

அப்பா கையை ஓங்கினார். பெரியப்பா தடுத்துவிட்டு, இவள் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார். ஆமென் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று விளக்கவும் தொடங்கினார். சமையலறையில் குஸ்கா ஆறிக்கொண்டிருந்தது. சித்தி பிள்ளைகள் என்னை முறைத்தார்கள். அக்காவே என் தொடையைக் கிள்ளி, "சொல்லித் தொலைடி, என்னால நீ எதுக்கு அடி வாங்கணும்" என்று கிசுகிசுத்தாள். முழங்கால் எரிந்தது. எரியட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் அம்மா ஜெபிக்க ஆரம்பித்தாள். ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் வாய்விட்டு ஜெபித்து யாரும் கேட்டதில்லை.

"ஆண்டவரே, எம் பெரிய பொண்ணு படிக்கணும். முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம். யாரும் தடுக்காம பாத்துக்கும்."

கடைக்குப் போகிறவரிடம் கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்கிற குரலில் இவ்வளவுதான் சொன்னாள்.

"ஆமென்!" என்று கத்தினேன். தெருவில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும். அக்கா சொன்னாள், சித்தி சொன்னாள், கொஞ்சம் தயங்கி அப்பாவும் சொன்னார். அரை மணி நேரமாக எனக்குப் பாடம் நடத்திய பெரியப்பாவுக்கு வேறு வழி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அவரும் சொன்னார்.

அக்கா காலேஜுக்குப் போனாள். அனுப்பி வைத்தது நான்தான் என்று பல வருடங்கள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அம்மா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. எனக்கே கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குப் பதினேழு வயதில், ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்த அதே வாரம், அவளுக்காகவும் இப்படி ஒரு ஜெபம் நடந்ததாம். முதல் ஆமென் அவளுடையதுதானாம்.

அந்தச் சனிக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அம்மா வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்று நினைத்து, அடி வாங்க முதுகைத் தயாராக வைத்திருந்தேன்.