கொல்லிமலையில் கோர்ட் கொடுத்த மூன்று நாட்கள்

குழந்தைகளோடு கொல்லிமலைக்குப் போவது எப்படி என்று இணையத்தில் தேடினால் ஏகப்பட்டது வருகிறது. கோர்ட் உத்தரவின்படி மூன்று நாளுக்கு மட்டும் கையில் கிடைத்த குழந்தைகளோடு போவது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. இந்த மே மாதம் என்னைப் போலத் தேடிக்கொண்டிருக்கும் அப்பாக்கள் நாலு பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

நானும் மனைவியும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் சென்னையில் இருக்கிறேன். மகள் நிவேதாவுக்குப் பன்னிரண்டு வயது, மகன் தருணுக்கு ஏழு. இருவரும் அம்மாவோடு நாமக்கல்லில், மாமா வீட்டில் இருக்கிறார்கள். இதுவரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் கூட்டிப்போய் மாலையில் விட வேண்டும் என்று இருந்தது. இந்தக் கோடையில்தான் முதல்முறையாக மூன்று நாள் சேர்ந்தாற்போல் கொடுத்தார்கள். ஜூன் மாதம் அடுத்த வாய்தா. அன்றைக்கு நீதிபதி நிவேதாவைத் தன் அறைக்கு அழைத்து, இனி லீவு நாட்களில் அப்பாவிடம் போக இஷ்டமா என்று கேட்பார். பிள்ளை சொல்வதை வைத்துத்தான் உத்தரவு வரும் என்று என் வக்கீல் சொல்லியிருந்தார். ஆபீஸில் சுற்றுலா என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

முந்தின நாளே காரில் நாமக்கல் வந்து லாட்ஜில் தங்கிவிட்டேன். காலை எட்டு மணிக்கு மாமா வீட்டு கேட்டுக்கு வெளியே குழந்தைகளை ஏற்றிக்கொண்டேன். அங்கிருந்து மலைமேல் இருக்கும் செம்மேடு ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. தருண் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். இருபத்து மூன்றில் எண்ணுவதை நிறுத்தினான், இருபத்து நான்கில் வாந்தி எடுத்தான். நான் வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் வருவதற்குள், நிவேதா பிளாஸ்டிக் கவரைப் பிடித்து, வாயைத் துடைத்து, சட்டையை மாற்றி, எலுமிச்சம்பழத்தை அவன் மூக்கில் வைத்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றேன். "இருக்குதுங்கப்பா," என்று அவர்களுடைய பாட்டிலைக் காட்டினாள்.

சென்னையில் இருந்தவரை என்னை "நீ வா, நீ போ" என்றுதான் பேசுவாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்பாவை 'ங்க' போட்டுத்தான் பேசும், எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு 'ங்க'வுக்கும் எனக்குச் சுருக்கென்றது.

முதல் நாள் திட்டம் போட்டதில்தான் என் புத்தி புல் மேயப் போய்விட்டது. சீக்குப்பாறை வியூ பாயிண்ட், சேளூர் வியூ பாயிண்ட், தாவரவியல் பூங்கா, வாசலூர்ப்பட்டி படகுத்துறை, மாசிலா அருவி எல்லாம் ஒரே நாளில். மூன்று நாளுக்குள் இரண்டு வருஷத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம். சீக்குப்பாறையில் மூடுபனி. அரைமணி நேரம் காத்திருந்தும் எதிரே இருந்த கம்பி வேலிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சேளூரிலும் அதே கதை. பூங்காவில் தருண் ஊஞ்சலில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றான். படகுத்துறை மூடிவிடும் என்று நான் அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே மழை வந்து படகை நிறுத்தியிருந்தார்கள். திரும்பிப் பூங்காவுக்குப் போனால் அதையும் மூடிவிட்டார்கள். செம்மேட்டு அறையில் தருண் அழுதுகொண்டே தூங்கிப்போனான். அறை வாடகை நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும்.

இரண்டாம் நாள் என் காரை எடுக்கவில்லை. செம்மேட்டில் செல்லமுத்து என்பவரின் ஜீப்பைப் பேசினேன். இதே மலையில் ஆலத்தூர் நாட்டுக்காரர், மிளகு விவசாயம், சீசனில் வண்டி ஓட்டுவார். நாள் முழுவதற்கும் இரண்டாயிரத்து ஐநூறு கேட்டார், பேரம் பேசவில்லை.

வண்டி கிளம்பியதும் அவர், "ஏனுங்க சார், ஊட்டுக்காரம்மா வரலீங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா, "அம்மாவுக்கு லீவு கிடைக்கலீங்க. ஆடிட்டிங் நடக்குதுங்க," என்றாள்.

"அட, அப்படீங்களா. புள்ளைங்க எத்தனை மரியாதையாப் பேசுது பாருங்க. நல்லா வளத்தியிருக்கீங்க சார்."

முந்தின நாள் செம்மேட்டு லாட்ஜ்காரரும், அன்னாசிப்பழம் விற்ற அம்மாளும் இதே கேள்வியைக் கேட்டபோதும் நிவேதாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். மூன்று பேரிடமும் அதே ஆடிட்டிங். இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. எனக்கு அவ்வளவு கோர்வையாக வராது.

செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பழங்காலத்துச் சிவன் கோயில். பக்கத்தில் ஓடும் ஆற்று மீனையும் சாமியாகக் கும்பிடுகிறார்கள், யாரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கிப் போட்டோம். யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்ததாகவும், அறுத்த துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து துள்ளி ஆற்றுக்கே ஓடிவிட்டதாகவும் செல்லமுத்து கதை சொன்னார்.

"சேர்ந்த எடத்துல தழும்பு இருக்குமாங்க?" என்று தருண் கேட்டான்.

செல்லமுத்து கொஞ்சம் யோசித்தார். "தெரியலயே சாமி. யாரும் புடிச்சுப் பாத்ததில்லயே."

ஆகாய கங்கை அருவிக்குக் கோயிலை ஒட்டித்தான் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கு மேல் படிகள், பல இடங்களில் செங்குத்து. இறங்கும்போது மூன்று பேருமே சிரித்துக்கொண்டுதான் இறங்கினோம். அருவிச் சாரலில் தருண் ஆட்டம் போட்டான். "அப்பா, நீ வா! நீயும் வா!" என்று கத்தினான். பேன்ட்டோடு போய் நின்றேன். இந்த இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அந்த இருபது நிமிஷம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஏறும்போது பாதியில் தருண் உட்கார்ந்துவிட்டான். தோளில் தூக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனான். எனக்கு மூச்சு வாங்கியது, முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. நிவேதா நாலு படி முன்னால் போய் நிற்பதும், நான் வந்ததும் மறுபடி ஏறுவதுமாக வந்தாள். ஓரிடத்தில் உட்காரலாம் என்றாள். தம்பி தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஜட்ஜம்மா கேட்டாங்கன்னா நான் வரலைன்னு சொல்லப் போறேனுங்க."

தருணை மடியில் சரித்துக்கொண்டேன். "நேத்து அலைய விட்டுட்டேன்னா கண்ணு? இன்னிக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. அது இல்லீங்கப்பா. நீங்க ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனாலே அம்மா சாயங்காலம் வரைக்கும் சாப்பிடாம வாசல்லயே உக்காந்திருப்பாங்க. நாங்க திரும்பி வரமாட்டோம்னு நெனச்சுக்குவாங்க. மூணு நாளுன்னு சொன்னதுலருந்து தூங்கவே இல்லீங்க. நேத்து ரூம்ல இருந்து மாமாவுக்குப் போன் பண்ணுனேன். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்திட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

மனைவி மேல் கோபம் வந்திருக்க வேண்டும், எனக்கும் ஆச்சரியம்தான், வரவில்லை.

"நீங்க சமாளிச்சுக்குவீங்கல்லப்பா?" என்றாள். "அம்மாவால முடியாதுங்க."

பன்னிரண்டு வயதுப் பெண், அப்பா அம்மா இருவரில் யார் தாங்குவார்கள் என்று யோசித்துப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். சமாளித்துக்கொள்வேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

"தம்பிகிட்டச் சொல்லீறாதீங்க. அழுவான்," என்றாள். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். மேலே வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

மூன்றாம் நாள் எங்கும் போகவில்லை. பூங்கா திறந்ததும் தருணை ஊஞ்சலில் ஏற்றிவிட்டு, அவனாக இறங்கும்வரை தள்ளினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு மலை இறங்கினோம். வானம் சுத்தமாக இருந்தது, கீழே ஊர்கள் எல்லாம் தெரிந்தன. வாந்தி வரவில்லை. "அடுத்த லீவுக்கு எங்கப்பா போறோம்?" என்று தருண் பின்சீட்டிலிருந்து கேட்டான். நிவேதா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்காடு என்றேன். அங்கே படகு விடுவார்களா, ஊஞ்சல் இருக்குமா என்று நாமக்கல் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வளைவு ஏறுவதற்குமுன் குழந்தைகளுக்கு இட்லிக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள். மூடுபனிக் காலத்தில் வியூ பாயிண்டுகளை நம்பிப் போகாதீர்கள். அருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் இறங்க விடுவதில்லை. பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தூக்கி ஏறத் தெம்பிருந்தால் மட்டும் கூட்டிப் போங்கள். செம்மேட்டைத் தாண்டினால் போன் பெரும்பாலும் எடுக்காது, வீட்டில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

சென்னை வந்ததும் வக்கீலைப் பார்த்தேன். லீவு நாட்கள் எனக்கு வேண்டாம் என்று நானே மனுப் போட்டுவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண்ணை ஜட்ஜ் அறைக்குள் கூப்பிட்டு, "அப்பா வேண்டாம்" என்று அவள் வாயால் சொல்ல வைக்க என்னால் முடியாது. சொல்லிவிட்டால் அந்த வார்த்தையை ஆயுசுக்கும் அவள்தான் சுமப்பாள். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நல்லா யோசிச்சுக்குங்க சார். நாளைக்குப் பையன் பெருசாகி, எங்களை ஏன் வேண்டாம்னு சொன்னீங்கன்னு கேட்பான்," என்றார்.

கேட்கட்டும். என்னிடம் கேட்டால் போதும், அவன் அக்காவிடம் கேட்காமல் இருந்தால் சரி.