ஏரித் தண்ணீரில் ஊறிய லென்ஸ்

மீஞ்சூர் மாப்பிள்ளை சோடா பாட்டில் கண்ணாடி போட்டிருந்தார். ஆனால் பெண் கண்ணாடி போடக் கூடாதாம். அவருடைய அம்மா அப்படிச் சொல்லியனுப்பியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் கோபம் வரவில்லை. அக்காவின் கண்ணாடியை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நைனா அவளை மெட்ராசுக்கு அழைத்துப்போய் காண்டாக்ட் லென்ஸ் வாங்கிவந்தார். எண்பதுகளில் உப்பு ஏரிக்கரையில் இருந்த எங்கள் கோட்டைக்குப்பத்துக்கு அது பெரிய அதிசயம். பார்க்க வந்த பெண்கள் அக்காவின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடி, ஒண்ணுமே தெரியலயே” என்று ஏமாந்து திரும்பினார்கள்.

படுக்கும் முன் லென்ஸைக் கழற்றி, கடையில் கொடுத்த உப்பு மருந்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நிச்சயம் முடிந்த கையோடு அது தீர்ந்துபோனது. இன்னொரு புட்டி வாங்கிவரச் சொன்னாள் அக்கா. நைனா சிரித்தார்.

“உப்புத் தண்ணிக்கா மெட்ராஸ் போவாங்க? நம்மள சுத்தி இன்னா கெடக்குது?”

“அதுல பூச்சி கீச்சி இருந்தா, நைனா?”

“உப்புல ஏதும்மா பூச்சி? கருவாடே கெடாம கெடக்குது. லென்ஸா கெட்டுப்பூடும்?”

ஊரே மெச்சிய விஞ்ஞானம் அது. தோணியில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம்வரை போய், தெளிந்த தண்ணீராகப் பார்த்து மொண்டு, வேட்டியில் வடிகட்டிக் கொடுத்தார். காய்ச்சக்கூட இல்லை.

கருவாட்டை விட்டுவைத்த ஏரி, அக்காவின் கண்ணை விட்டுவைக்கவில்லை. அதில் அமீபா இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் படம் வரைந்து மார்க் வாங்கிய அமீபாவுக்குப் பங்காளி. லென்ஸில் ஒட்டிக்கொண்டு, லென்ஸ் உரசிய கீறல் வழியாகக் கருவிழிக்குள் குடியேறிவிட்டது. வெளிச்சம் பட்டாலே அக்கா அலறினாள். திருஷ்டி என்று பெரியம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தப் புகையும் அவள் கண்ணுக்குத்தான் போனது. மெட்ராஸ் டாக்டர் முதலில் வேறு ஏதோ கிருமி என்று சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு கருவிழியைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் அமீபா அகப்பட்டது. மருந்து பட்டால் ஓடு கட்டிக்கொண்டு உள்ளேயே ஒளிந்துகொள்ளுமாம். ஒரு கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது.

சோடா பாட்டில் வீட்டார் சம்பந்தத்தை முறித்தார்கள். பூ விழுந்த கண் ஆகாதாம். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அம்மா அழுதுகொண்டே பெட்டியைத் திறந்து, பழைய கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள். அக்கா அதைப் போட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள்.

“ஒரு பக்கத்துக் கண்ணாடியக் கழட்டி மாப்புள வூட்டுக்கு அனுப்பிடும்மா. எனக்கு இனிமே ஒண்ணு போதும்.”