யானை மேல் ஏறிய கோபுரம்: தியாகராய நகரிலிருந்து அடையாறு வரை

சுதந்திரம் வந்த மறு வருஷம், மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டுத் தியாகராய நகரிலிருந்து அடையாறு போய்வந்தேன். சுற்றிப் போனாலும் ஏழெட்டு மைலுக்கு மேல் இராது. காரணம் இதுதான். வெளிதேசத்தார் நம் நாட்டைப் பார்க்க வருவதற்காகப் புதிதாக ஒரு சின்னமும் ஒரு வாசகமும் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில், ஜவுளி வியாபாரி என்ற முறையில் என்னையும் போட்டிருந்தார்கள். அன்று மாலை அடையாறு பங்களா ஒன்றில் கடைசிக் கூட்டம். நாங்கள் சரி என்றால் படம் அச்சுக்குப் போய்விடும். அப்புறம் போகிற துறைமுகமெல்லாம் அதுதான் நம் முகம். எனக்கோ அந்தப் படம் பிடிக்கவில்லை. தடுக்காமல் திரும்புவதில்லை என்றுதான் புறப்பட்டேன்.

பஸ்ஸில் இரண்டணா கொடுத்து மயிலாப்பூர் குளத்தண்டை இறங்கி, சாந்தோமில் இருக்கும் சவரிமுத்து வாத்தியார் வீட்டுக்கு நடந்தேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுப்பவர். படம் வரைந்தது அவர்தான். துதிக்கையைத் தூக்கிய யானை. அதன் முதுகில் கோபுரம், கோபுரத்துக்குப் பின்னால் பனிமலை, பக்கத்தில் தாமரை, மயில், ராட்டை. அடியில் ‘காலத்தை வென்ற புராதன பூமி’ என்று வாசகம்.

“நான் வரைஞ்சது யானை மட்டும்தான், அண்ணாச்சி. மத்ததெல்லாம் கமிட்டி ஏத்தினது. அந்தக் கோபுரம் உங்களோடது,” என்றார் வாத்தியார். கீழே தன் பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். போன கூட்டத்தில் மேஜையைத் தட்டிக் கோபுரம் கேட்டவன் நான்தான்.

ஜவுளிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துணியில் ஒட்டும் மார்க்கைப் போகிற வருகிறவரிடம் காட்டுவோம். எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, ‘கடைக்கு வந்து இதை என்ன சொல்லிக் கேட்பீர்கள்?’ என்போம். நாலு பேரும் ஒரே பெயர் சொன்னால் சரக்கு ஓடும். ஆளுக்கொன்று சொன்னால் குடோனில் கிடக்கும்.

வாத்தியாரிடம் படத்தை வாங்கிக்கொண்டு, அவரோடு மயிலாப்பூர் திரும்பி அதையே செய்தேன். மாட வீதியில் பூ வாங்கிக்கொண்டிருந்த அம்மாள், “எங்காத்துல மாட்டியிருக்கற காலண்டராட்டம் இருக்கு,” என்றார். வெற்றிலைக் கடைக்காரர் தீப்பெட்டிப் படம் என்றார். வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டு மந்தைவெளி வழியாக அடையாறு போக ஒரு ஜட்கா பேசினேன். வண்டிக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா இது, ஆனையா கோயிலா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு கீது. என் குதிர மேல இவ்ளோ ஏத்துனா ரோட்லயே பட்த்துக்கும்.”

வாத்தியார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன்.

கூட்டத்தில் தலைவரான ஓய்வுபெற்ற அதிகாரி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். மற்றவர்களும் படத்தில் நெரிசல் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவரவர் கேட்டு வாங்கியது மட்டும் இருந்தாக வேண்டும்.

“எதை எடுக்கச் சொல்றீர்? இமயமலையையா?” என்றார் தலைவர். மலை அவருடையது.

“முதல்ல என் கோபுரத்தை எடுங்க,” என்றேன்.

வாத்தியார் வெள்ளை வர்ணத்தைத் தொட்டு அங்கேயே அழித்தார். அதற்குப் பிறகு மற்றவர்கள் வாய் திறப்பது கஷ்டமாகிவிட்டது. மயில் போயிற்று, ராட்டை போயிற்று, தாமரை போயிற்று. மலைக்கு மட்டும் இரண்டு சுற்றுக் காப்பி ஆயிற்று. கடைசியில் யானை தனியாக நின்றது. யாரும் கேட்காமலே வாத்தியார் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வாசகத்தில் தோற்றேன். கடை வாசலில் நாங்கள் சொல்வதுபோல ‘வாருங்கள்’ என்ற ஒரு சொல் போதும் என்றேன். அதற்கு ஒரு கமிட்டி எதற்கு என்று கேட்டுவிட்டார்கள். பழைய வாசகமே நின்றது.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஜட்கா வைத்தால் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். அடையாற்றில் பொழுது சாய்ந்தால் திரும்ப வண்டி கிடைக்காது. பாலத்தில் காற்று பலம், கையில் காகிதம் இருந்தால் சுருட்டிக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிச் செய்கிற காரியம் எதிலும் உங்கள் பங்கைக் குறைக்க முதலில் நீங்களே கை தூக்குங்கள். அப்புறம்தான் மற்றவர் பங்கைத் தொட முடியும்.

திரும்பும்போது அதே வண்டிக்காரரிடம், எழுத்தை மறைத்துப் படத்தை நீட்டினேன்.

“ஆனை,” என்றார் உடனே. “வா வான்னு கூப்புட்ற மாரி கீது.”

விரலை எடுத்து வாசகத்தையும் படித்துக் காட்டினேன். அவர் லகானைச் சுண்டினார்.

“அத்த வெரலாலயே மூடிக்க, நைனா.”