ஐந்தாவது கோடு

“முசே ரெண்டாவது படிக்கு வந்துட்டாரு” என்கிறாள் கார்குழலி, வண்டியை நிறுத்தாமலே. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் நிற்கும் ஜில்பேர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், அதனால் தெருவுக்கே ‘முசே’, அவளைக் கண்டதும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதைத்தான் சொல்கிறாள். மறைக்காதவரை முதல் படியாம். மறைக்கத் தொடங்கினால், விடலாமா என்று மனசுக்குள் ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரியாய், பல நாள் அவள் வண்டியின் பின்சீட்டில் தொற்றிக்கொண்டு போகிற எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. கல்யாணப் பந்தியிலும் இவள் இலையைப் பார்ப்பதில்லை, பக்கத்து இலைக்காரர் எந்தப் படி என்றுதான் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரக் கல்வி வேலை. யாரும் ஒரு பழக்கத்தை ஒரே தாவலில் விடுவதில்லை, படிப்படியாகத்தான் விடுகிறார்கள், எந்தப் படியில் நிற்கிறாரோ அதற்கேற்ற பேச்சுதான் எடுபடும் என்று படித்து வந்தவள். “மொத படில நிக்கறவங்கள நாள் குறிக்கச் சொன்னா, மறுநாள் நம்மளப் பாத்தாலே வேற தெருவுல பூந்துடுவாங்க” என்பாள். உன் படிக்கட்டைத் தூக்கிக் கடலில் போடு என்று நான் கிண்டல் செய்தால், “நீங்க இன்னும் மொத படி” என்று என்னையும் அடைத்துவிடுவாள்.

வைத்திக்குப்பத்தில் அவள் கூட்டம் நடத்தும் விதமே தனி. படகுகளுக்கு நடுவே மணலில் குச்சியால் ஐந்து கோடு இழுப்பாள். போயிலை போடுகிற மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வந்து, அவரவர் நிலைக்கேற்ற கோட்டில் நிற்க வேண்டும். விடுகிற நினைப்பே இல்லாதவர்கள் முதல் கோடு. யோசிக்கிறவர்கள் அடுத்தது. பிறகு நாள் குறித்தவர்கள், விட்டவர்கள். விட்டதைத் திரும்பத் தொடாமல் காப்பவர்களுக்குக் கடைசிக் கோடு. ஒருத்தி ஒரு கோடு முன்னே வந்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும். “ஏய், அவ நேத்துகூட போட்டா, பின்னால தள்ளு!” என்று யாராவது கத்த, கடற்கரையே அமளிப்படும்.

ஐந்தாவது கோட்டை முதலில் தொட்டவர் அஞ்சலாட்சி. சின்ன வயதிலிருந்து கன்னத்தில் போயிலை அடக்கியவர், திடீரென்று நிறுத்திவிட்டார். கார்குழலிக்குத் தலைகால் புரியவில்லை. தங்களில் ஒருத்தி செய்துகாட்டினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள் என்பது அவளுக்கு வேதம். கூட்டத்துக்குக் கூட்டம் அஞ்சலாட்சியை முன்னால் நிறுத்தினாள். “ரெண்டு வார்த்த சொல்லுங்கக்கா” என்றால் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். “வெக்கப்படறாங்க” என்பாள் இவள். கைதட்டல் இன்னும் பலமாகும்.

போன மாதக் கூட்டத்தில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். அஞ்சலாட்சி பன்னைத் தள்ளிவிட்டு, டீயை மட்டும் உதட்டோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். “சாப்புடுங்கக்கா, நீங்கதான எங்க ஹீரோ” என்றாள் கார்குழலி. பக்கத்திலிருந்த நாத்தனார் சின்னப்பாப்பா அதற்குமேல் பொறுக்கவில்லை.

“எப்பிடிம்மா தின்னுவா? இவ எங்க போயிலய உட்டா? வாயே தொறக்கல, அதான் போடல! வெறுங்கஞ்சித் தண்ணிதான் உள்ள போவுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்குழலி அவர் முன்னால் மணலில் மண்டியிட்டாள். “வாயத் தொறங்கக்கா” என்றாள். அஞ்சலாட்சி திறந்தார். அதைத் திறந்த வாய் என்றே சொல்ல முடியாது. மூன்று விரலை நிறுத்தி வைத்தால் நுழைய வேண்டிய இடத்தில் இவளுடைய ஆள்காட்டி விரல் ஒன்றுதான் போயிற்று. கன்னத்துக்குள் வெள்ளையும் சிவப்புமாக ஒரு புண். முதல் கூட்டத்தில் பயமுறுத்துவதற்காக இவளே காட்டிய படங்களில் இருந்த அதே புண்.

“ஏங்க்கா சொல்லல?”

“அந்தப் படத்தப் பாத்ததுமே எனக்குக் கொல நடுங்கிப் போச்சு பொண்ணே, இதுவும் அதுதானோன்னு” என்றார் அஞ்சலாட்சி, பல்லைப் பிரிக்க முடியாமல். “அப்புறம் எல்லாரும் கை தட்டிட்டீங்க. தட்டுன பொறவு எப்பிடிச் சொல்றது?”

ஒரு நோயைப் பார்த்தா இத்தனை பெண்கள் இத்தனை நாள் கைதட்டினார்கள்?

அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் கார்குழலி சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தாள்: “பயத்தக் காட்டுனா, போற வழியையும் சேத்துக் காட்டணும்னு நான்தான் மத்தவங்களுக்குக் கிளாஸ் எடுக்கறேன். நான்தான் எடுக்கறேன்.” டாக்டர் பார்த்துவிட்டு, “இத்தன நாள் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று மறுபடியும் கூட்டம். கார்குழலி மணலில் இழுத்த கோடுகள் கோணல்மாணலாக இருந்தன. அஞ்சலாட்சி வந்தார், எந்தக் கோட்டிலும் நிற்காமல் படகோரம் போய் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. சற்றுப் பொறுத்து அன்னக்கிளி என்கிற இளம் மீன்காரி ஒரே குதியாக நாலாவது கோட்டில் வந்து நின்றாள்.

“நானும் உட்டுட்டேங்க்கா!”

பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். கார்குழலியின் கைகளும் எழும்பின, பாதியில் நின்றன. ஒரு கையை இறக்கிவிட்டு, மற்றதில் மூன்று விரலைச் சேர்த்து நிறுத்தி, அன்னக்கிளியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.