ஓரக்கண்ணால் பார்க்க வேண்டியவை

என் தங்கை ரெஜினாவின் கணவன் பார்வையை இழந்துகொண்டிருந்தான். அது அவனுக்கே தெரியாத காலத்தில் எனக்குத் தெரியும். இரண்டு பனிக்காலம் நான் வாயைத் திறக்கவில்லை!

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி... கேளுங்கள்.

எனக்கு வானம் பார்க்கிற பைத்தியம் உண்டு. திருவொற்றியூரில் என் மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்து வானமும் ஒரு வானமா! ஒரு புறம் துறைமுக விளக்குகள், மறுபுறம் மணலி ஆலைத் தீ. ரோகிணி, திருவாதிரை மாதிரி பளிச்சென்ற நட்சத்திரங்கள் மட்டும் எப்படியோ தப்பி வரும். மங்கலான கேலக்சி வேண்டுமென்றால் பழவேற்காடுவரை போக வேண்டும். என் தொலைநோக்கியோ மார்பளவு உயரக் குழாய். பைக்கில் ஏறாது, பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள்.

தங்கை கணவன் ஆரோக்கியத்திடம் ஒரு குட்டியானை சரக்கு வண்டி இருந்தது. காலையில் காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றுவான். அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில் என்னையும் குழாயையும் ஏற்றிக்கொள்வான். "ஏறு மச்சான், உன் நட்சத்திரம்லாம் காத்துகினு கீது" என்று கிண்டலடிப்பான். நல்ல மனுஷன்.

ஒரு மார்கழியில், இருட்டிய கொஞ்ச நேரத்தில், தனக்கும் காட்டச் சொன்னான். முதலில் ரோகிணியைக் காட்டினேன். "அடேங்கப்பா, ஆரஞ்சு கலர்ல இன்னாமா ஜொலிக்குது!" என்று குழந்தைபோல் கத்தினான். அடுத்து உச்சிவானத்தில் ஒரு மங்கலான கேலக்சிக்குக் குழாயைத் திருப்பினேன். அந்த மாதிரி மங்கலானவற்றை நேராக முறைத்தால் மறைந்துவிடும். பக்கத்தில் வேறெதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்து, ஓரக்கண்ணால் பிடிக்க வேண்டும். வானம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது.

"ஒண்ணுமே இல்லியே மச்சான்."

"நேரா பாக்காத மாப்ளே. கொஞ்சம் ஓரமா பாரு."

"ஓரமா பாத்தா இன்னும் இருட்டா கீது!"

என் அப்பாவுக்கும் பார்வை இப்படித்தான் போனது. கண்ணில் பிரஷர் என்றார்கள். வலியே இருக்காது... நடுவில் தெளிவாகத் தெரியும், ஓரங்கள் மட்டும் சத்தமில்லாமல் அவிந்துகொண்டே வரும்.

வரைபடம் பார்க்க வைத்திருந்த சிவப்பு டார்ச்சை அவன் காதருகே பிடித்து, மெல்ல முன்னால் நகர்த்தினேன். கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வரும்வரை அவன் கவனிக்கவில்லை. "இன்னா மச்சான், வெளயாடுறியா?" என்று சிரித்தான்.

"பழக்கமில்ல மாப்ளே. போகப் போகத் தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் ரெஜினா அன்றைக்கே வண்டிச் சாவியைப் பிடுங்கியிருப்பாள். வண்டி நின்றால் என் கேலக்சிகளும் நின்றுபோகும். அவ்வளவுதான்! இதைவிட மேலான காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

அதன்பின் வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து அவனுக்குக் கண்ணாக இருந்தேன். "சைக்கிள் வருது மாப்ளே", "லாரிக்காரன் ஒதுங்குறான் பாரு" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவேன். அத்திப்பட்டு தாண்டும்வரை கண் கொட்டமாட்டேன். பெரிய பொறுப்பை ஏற்றதாக ஒரு திருப்தி வேறு! மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் பார்த்தேன். மற்ற நாட்களில், எண்ணூர் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவன் தனியாக ஓட்டினானே... அப்போது யார் பார்த்தார்கள்?

அடுத்த பனிக்காலத்தின் கடைசியில், மீஞ்சூர் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தோம். மேகம் சூழுமா என்று நான் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கணத்தில், ஓரமாக நடந்த ஒரு அம்மாவை வண்டி தட்டிவிட்டது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

"ஏன்டா டேய், கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று அந்த அம்மா பிடித்துக்கொண்டார். ஆரோக்கியம் என் பக்கம் திரும்பினான். "சத்தியமா தெர்ல மச்சான்... சத்தியமா தெர்ல" என்றான்.

அதற்கப்புறம்தான் அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே தடுத்து நிறுத்தியிருக்கலாமாம்.

வண்டியை விற்றுவிட்டார்கள். ராயபுரத்தில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மச்சான் மட்டும் இட்டுகினு போவலன்னா, இருக்குற பார்வையும் பூட்டிருக்கும்பா" என்கிறான். ஒரு முறை துணிந்து, "எனக்கு முன்னாடியே லேசா சந்தேகம் மாப்ளே..." என்று ஆரம்பித்தேன். "வுடு மச்சான், நீ இன்னா டாக்டரா?" என்று தோளைத் தட்டினான். அதைச் சாக்காக வைத்து நிறுத்திக்கொண்டேன்.

தொலைநோக்கியைத் தூக்கி எறிந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இன்னும் பழவேற்காட்டுக்குப் போகிறேன், வாடகை வண்டியில்.

ஞாயிறு மாலைகளில் அவர்கள் வீட்டில் ஜெபமாலை. முடிவில் ரெஜினா கண்ணை மூடி, "இவர் கண்ணைக் காப்பாத்திக் குடுத்த எங்க அண்ணனை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்பாள். பிள்ளைகள் ஆமென் என்பார்கள். ஆரோக்கியம் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வான்.

நானும் சொல்கிறேன்.