தாம்பாளத்தில் வந்த விண்ணப்பம்

சீனி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போடுவேன். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்பார். நின்றபடியே ரோட்டை எட்டி எட்டிப் பார்ப்பார். கயத்தாறு பக்கம் யாரோ ஒருவரின் கரிசல் காட்டில் நூற்றிருபது செம்மறியை உரத்துக்குக் கிடை போட்டுவிட்டு வந்தவருக்கு எங்கே இருப்புக் கொள்ளும்?

அவர் மகள் தீபலட்சுமி பிளஸ் டூவில் எடுத்த மார்க்குக்கு டாக்டர் சீட் கிடைக்கும் என்று டீச்சர்கள் சொன்னார்கள். தொண்ணூற்றொன்பது மே மாதம். விண்ணப்பம் நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. நிரப்புவதில் நான் புலி, கோபத்திலும் அப்படித்தான். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், நகலுக்கெல்லாம் அதிகாரி கையெழுத்து என்று அந்தப் பிள்ளை மூன்று வாரம் நாயாய் அலைந்தது. கடைசியில் அப்பா கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குக் கிடையைத் தேடிப் போனாள். கையெழுத்துப் போட்ட சீனி, "நாளைக்கு ஆட்டு மருந்து வாங்க டவுனுக்குத்தான் வாரேன். நானே பத்திரமாக் கொண்டாறேன், நீ போ தாயி" என்று ஃபாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டாராம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்தார். மகளும் கடையில் காத்திருந்தாள். சீனி தலைப்பாகையை அவிழ்த்தார். அதற்குள்ளிருந்து, எட்டாய் மடித்து வியர்வையில் ஊறிப்போன காகிதத்தை எடுத்து நீட்டினார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் படிக்கிற ஃபாரம் அது. மடிப்பு விழுந்தால் தள்ளிவிடுவார்கள். மடிக்கக் கூடாது என்று முதல் வரியிலேயே அச்சடித்திருக்கிறது.

"ஏன்யா, ஆடு மேய்க்கிற புத்தியக் காட்டிட்டீரே! மவ படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரே!"

சீனி அவிழ்த்த துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எங்கப்பாவ ஏசாதீங்க அண்ணாச்சி" என்றாள் தீபலட்சுமி. அவள் அழவில்லை. "புது ஃபாரம் எங்கன கிடைக்கும்? அதச் சொல்லுங்க."

திருநெல்வேலியில் கிடைக்கும். ஆனால் ஃபாரம் விற்க இன்றுதான் கடைசி நாள், அதுவும் மூன்று மணி வரைதான். நான் சொல்லி முடிக்குமுன் சீனி பாதி ரோட்டைத் தாண்டிவிட்டார். "ஏட்டி, வா வெரசா!" என்று அங்கிருந்தே கத்தினார். மகள் பின்னால் ஓடினாள்.

அன்று நான் எடுத்த நகல் எல்லாம் கோணல். ஒவ்வொரு திருநெல்வேலி பஸ்ஸுக்கும் வெளியே வந்து பார்த்தேன். மூன்று மணி ஆயிற்று, நாலும் ஆயிற்று. ஃபாரம் கிடைத்ததோ இல்லையோ! பாழாய்ப்போன வாய். அந்த மனுஷனிடம் போய் அப்படிப் பேசலாமா?

ஐந்தரைக்கு இறங்கினார்கள். சீனி கையில் புத்தம்புது எவர்சில்வர் தாம்பாளம், அதன் மேல் தலைப்பாகைத் துண்டு மூடியிருந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். துண்டை விலக்கினால் உள்ளே ஃபாரம். ஒரு சுருக்கம் இல்லை.

"அப்பா பஸ்ல உக்காரவே மாட்டேன்னுட்டாவ அண்ணாச்சி" என்று சிரித்தாள் தீபலட்சுமி. "சீர் யாருக்குப் போவுதுன்னு எல்லாரும் கேக்காவ. எம் மவளுக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தாவ."

உடனே நிரப்பினேன். தப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை பார்த்தேன். சீனி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். சென்னைக்குப் போய்ச் சேர இன்னும் நாலு நாள் இருந்தது.

"காலையில ஏசினத மனசுல வச்சுக்காதேயும்" என்றேன்.

"ஏசினா என்ன? எந்தப் பேப்பரையும் மடியிலதான் செருகுவேன். இதுல மவ பேரு எழுதியிருந்துச்சு. இடுப்புல வைக்க மனசு வரல, தலையில வச்சிட்டேன்" என்றவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். "வாரேன் அண்ணாச்சி, ஆடு தனியா நிக்கு."

மகளுக்கு மதுரையில் இடம் கிடைத்ததைச் சொல்ல வந்தபோதும் நின்றுகொண்டுதான் சொன்னார். நான் ஸ்டூலை இழுத்துப் போடவில்லை. எழுந்து நின்று கேட்டேன்.